ராணுவச் செலவில் மருத்துவம் படித்தால் எத்தனை ஆண்டு சேவை? அமெரிக்க முறையைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

"நாலு வருஷம் படிக்க வைக்கிறார்கள், நாலு வருஷம் வேலை பார்த்தால் கணக்குத் தீர்ந்தது." அமெரிக்க ராணுவ ஸ்காலர்ஷிப்பில் மருத்துவம் படிக்க நினைக்கும் பெரும்பாலானவர்கள் இந்த நம்பிக்கையோடுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். வாக்கியத்தில் பொய் இல்லை, ஆனால் பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது. அதே ஸ்காலர்ஷிப்பில் படித்து, ராணுவ மருத்துவமனையிலேயே பொது அறுவை சிகிச்சை பயின்று வெளியே வருபவர், பட்டம் வாங்கிய நாளிலிருந்து 9 ஆண்டுகள் முழுநேரப் படைப்பணியில் இருந்திருப்பார். நரம்பியல் அறுவை சிகிச்சை என்றால் 13. ஸ்காலர்ஷிப் மாறவில்லை, பயிற்சி மாறியதால்தான் இந்த வித்தியாசம்.

கணக்கு கடினமானதல்ல. ஒவ்வொரு ஆண்டையும் எடுத்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இந்த ஆண்டு என் சேவைக் கடனைக் கூட்டுகிறதா, கழிக்கிறதா, இரண்டும் இல்லாமல் சும்மா நிற்கிறதா? ஒரு தாளில் மூன்று பத்தி (கூட்டுகிறது, கழிக்கிறது, சும்மா) போட்டுக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படித்தால் உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். தரைப்படையில் இந்தக் கடனை ஏ.டி.எஸ்.ஓ. என்பார்கள், விமானப்படையில் ஏ.டி.எஸ்.சி. பாதுகாப்புத் துறை விதிகளில் அது ஏ.டி.ஓ. பேச்சு வழக்கில் 'பேபேக்'.

படி 1: எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறீர்கள்?

முக்கியமான வாசல்கள் மூன்று. முதல் இரண்டும் 1972-இல் வந்த ஒரே சட்டத்தில் பிறந்தவை.

எச்.பி.எஸ்.பி. என்பது பொது (அதாவது ராணுவம் சாராத) மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களுக்கான ஸ்காலர்ஷிப். கல்விக் கட்டணம் முழுவதையும் அரசு கட்டும், மாதம் 2,000 டாலருக்கு மேல் உதவித்தொகையும் வரும். ஆண்டுக்கு 45 நாள் முழுநேரப் பணி, அந்த நாட்களுக்கு இளநிலை அதிகாரியின் முழுச் சம்பளம். கடன், ஆண்டுக்கு ஆண்டு: 4 ஆண்டு வாங்கினால் 4, 3 ஆண்டு வாங்கினால் 3. குறைந்தபட்சம் 2 அல்லது 3 ஆண்டு, அது படைப்பிரிவைப் பொறுத்தது. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. கல்லூரியும் அமெரிக்காவிலோ புவேர்ட்டோ ரிக்கோவிலோ உள்ள அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியாக இருக்க வேண்டும். குடும்பத்தில் பிள்ளைக்கு மட்டும் குடியுரிமை இருந்தால் போதுமா என்று பலர் கேட்பதுண்டு. விண்ணப்பிப்பவருக்கு இருந்தால் போதும்.

இரண்டாவது, மேரிலாந்து மாநிலம் பெத்தெஸ்டாவில் உள்ள ராணுவத்தின் சொந்த மருத்துவப் பல்கலைக்கழகம். சுருக்கமாக யூ.எஸ்.யூ. இங்கே கட்டணம் கிடையாது, முதல் நாளிலிருந்தே இளநிலை அதிகாரிச் சம்பளம். அதற்கான விலை குறைந்தது 7 ஆண்டு. ஒரு நுணுக்கம்: சம்பளம் வாங்கிக்கொண்டு படித்த அந்த 4 ஆண்டுகள், 20 ஆண்டு ஓய்வூதியத்துக்கான தகுதிக் கணக்கில் சேராது.

மூன்றாவது எஃப்.ஏ.பி. ஏற்கெனவே பொது மருத்துவமனையில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புத் துறைப் பயிற்சி) செய்துகொண்டிருப்பவர்களுக்கு ராணுவம் தரும் நிதியுதவி இது. இதன் கடன் சூத்திரம் வேறு. முதல் ஆண்டுக்கு, அல்லது அதன் ஒரு பகுதிக்கு, 2 ஆண்டு. அதன் பிறகு ஒவ்வொரு அரை ஆண்டுக்கும் அரை ஆண்டு. 3 ஆண்டு வாங்கினால் 4, 5 ஆண்டு வாங்கினால் 6. சுருக்கமாக, வாங்கிய காலம் கூட்டல் ஒன்று.

இவற்றுக்கு முன்பே வெஸ்ட் பாயிண்ட் போன்ற ராணுவ அகாடமியில் பட்டம் பெற்றவருக்கு அங்கிருந்தே 5 ஆண்டுக் கடன் இருக்கும். அது மருத்துவக் கல்லூரிக் கடனோடு சேர்ந்து ஓடாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தீரும். அகாடமி கூட்டல் எச்.பி.எஸ்.பி. 9 ஆண்டு, அகாடமி கூட்டல் யூ.எஸ்.யூ. 12 ஆண்டு. கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி. (மாணவர்களைப் படை அதிகாரிகளாகத் தயாரிக்கும் திட்டம்) ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களுக்கும் இதே கூட்டல்தான். பயிற்சி ஆண்டுகளை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

முதல் பத்தியில் இந்த எண்ணை எழுதுங்கள். இதைக் 'கல்விக் கடன்' என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: இன்டர்ன்ஷிப் ஆண்டை 'சும்மா' பத்தியில் போடுங்கள்

பட்டம் வாங்கியதும் கேப்டன் பதவி (கடற்படையில் லெஃப்டினன்ட்), முழுச் சம்பளம், சீருடை, இரவுப் பணி, எல்லாம் வந்துவிடும். அதனால் கடன் குறையத் தொடங்கிவிட்டது என்றுதான் தோன்றும். குறையாது. ராணுவ இன்டர்ன்ஷிப்பிலோ ரெசிடென்சியிலோ கழியும் காலம் கல்விக் கடனைத் தீர்க்கக் கணக்கில் வராது என்று அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பே சொல்கிறது. எச்.பி.எஸ்.பி.க்கு 2123-ஆம் பிரிவு, யூ.எஸ்.யூ.வுக்கு 2114-ஆம் பிரிவு.

ஆனால் இன்டர்ன்ஷிப் புதிய கடனையும் உண்டாக்காது. கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. ஓய்வூதியத்துக்கான 20 ஆண்டுகளில் மட்டும் அந்த ஆண்டு சேரும்.

படி 3: ரெசிடென்சி கூட்டும் கடனைக் கணக்கிடுங்கள்

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகு ராணுவச் சம்பளத்தில் செய்யும் ரெசிடென்சி, தனக்கென ஒரு கடனை உண்டாக்குகிறது. ஒவ்வொரு அரை ஆண்டுக்கும், அல்லது அதன் ஒரு பகுதிக்கும், அரை ஆண்டு. குறைந்தபட்சம் 2 ஆண்டு. இதைப் 'பயிற்சிக் கடன்' என்று வைத்துக்கொள்வோம். குடும்ப மருத்துவம் மொத்தம் 3 ஆண்டு, அதில் முதல் ஆண்டு இன்டர்ன்ஷிப், ஆகவே பயிற்சிக் கடன் 2. பொது அறுவை சிகிச்சை 5 ஆண்டு, கடன் 4. நரம்பியல் அறுவை சிகிச்சை 7 ஆண்டு, கடன் 6.

ஆறுதலான விதி அடுத்து வருகிறது. பயிற்சிக் கடனும் கல்விக் கடனும் ஒரே நேரத்தில் ஓடலாம். பயிற்சி முடிந்த மறுநாள் இரண்டு கடிகாரங்களும் சேர்ந்து ஓடத் தொடங்கும். இரண்டையும் கூட்டக் கூடாது, எது பெரியதோ அதுதான் நீங்கள் தர வேண்டிய காலம்.

4 ஆண்டு எச்.பி.எஸ்.பி. வாங்கியவருக்குக் கணக்கு இப்படி வரும்:

குடும்ப மருத்துவம்: பயிற்சி 3. கல்விக் கடன் 4, பயிற்சிக் கடன் 2, பெரியது 4. மொத்தம் 7 ஆண்டு.

பொது அறுவை சிகிச்சை: பயிற்சி 5. கடன்கள் 4, 4. மொத்தம் 9.

நரம்பியல் அறுவை சிகிச்சை: பயிற்சி 7. கடன்கள் 4, 6. மொத்தம் 13.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரியும், ஆள்சேர்ப்பு அதிகாரிகள் தாமாக அதைச் சொல்வது அரிது. பொது அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், 'ஒரு வருஷம் மிச்சமாகட்டும்' என்று முதல் ஆண்டுக் கட்டணத்தைத் தானே கட்டி 3 ஆண்டு ஸ்காலர்ஷிப் மட்டும் வாங்கினால், ராணுவ ரெசிடென்சிக்குப் பிறகு அவர் தர வேண்டியது 3 அல்ல, 4. பயிற்சிக் கடன் அதை மேலே இழுத்துவிடும். ஒரு ஆண்டுக் கட்டணம் வீண். அவரே குடும்ப மருத்துவத்துக்குப் போனால் அந்த ஓராண்டு உண்மையாகவே மிச்சமாகும். ஸ்காலர்ஷிப்பின் நீளத்தையும் துறையின் நீளத்தையும் தனித்தனியே முடிவு செய்யக் கூடாது.

யூ.எஸ்.யூ. பட்டதாரிக்கு 7 ஆண்டுக் கல்விக் கடன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஏனென்றால் எந்த ரெசிடென்சியும் அதை மீறுவதில்லை. குடும்ப மருத்துவம் 3+7, அதாவது 10. பொது அறுவை சிகிச்சை 12. நரம்பியல் அறுவை சிகிச்சை 14. 12 ஆண்டு முடித்த அறுவை மருத்துவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் 8 ஆண்டுதான். இவர்களில் பலர் 20 வரை தங்கிவிடுவது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

படி 4: பயிற்சி எங்கே, யார் சம்பளத்தில்?

ரெசிடென்சி மூன்று விதமாக அமையலாம். ராணுவ மருத்துவமனையில் ராணுவச் சம்பளத்தில் செய்வது ஒன்று. பெத்தெஸ்டாவின் வால்டர் ரீட், சான் அன்டோனியோவின் புரூக், சான் டியாகோ கடற்படை மருத்துவமனை போன்றவை இதில் வரும். பொது மருத்துவமனையில், ஆனால் ராணுவச் சம்பளத்தில் செய்வது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் கடன் கணக்கு ஒன்றே, மேலே சொன்னதுதான்.

மூன்றாவது ஒத்திவைப்பு. ராணுவம் உங்களை விட்டுவைக்கிறது. நீங்கள் பொது மருத்துவமனையில், அந்த மருத்துவமனையின் சம்பளத்தில் பயிற்சி செய்கிறீர்கள். கடற்படையில் இதற்கு 'நாட்ஸ்' என்று பெயர். இதில் பயிற்சிக் கடன் சேராது, கல்விக் கடன் அப்படியே காத்திருக்கும். நரம்பியல் அறுவை சிகிச்சையை ஒத்திவைப்பில் முடித்த எச்.பி.எஸ்.பி.காரர் 6 அல்ல, 4 ஆண்டு மட்டும் பணியாற்றினால் போதும். கேட்க இனிக்கும். விலையும் உண்டு: ரெசிடென்ட் சம்பளம் ராணுவ கேப்டன் சம்பளத்தைவிடப் பொதுவாகக் குறைவு, அந்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கிலும் சேராது. இன்னொன்று, ஒத்திவைப்பு நீங்கள் தேர்ந்தெடுக்கும் பொருள் அல்ல. அந்த ஆண்டு அந்தத் துறையில் ராணுவத்துக்கு எத்தனை பேர் தேவை, சொந்த மருத்துவமனைகளில் எத்தனை இடம் இருக்கிறது என்பதை வைத்து அவர்கள் தருவது.

தேர்வு நடப்பது முப்படைகளின் கூட்டுத் தேர்வுக் குழுவில். நவம்பர் இறுதி, டிசம்பர் தொடக்கம் வாக்கில் கூடும், டிசம்பர் நடுவில் முடிவு வரும். பொது மாணவர்களுக்கான மேட்ச் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறை) முடிவு மார்ச்சில்தான். ராணுவ மாணவர்கள் பொது மேட்சுக்கும் பதிவு செய்து வைப்பார்கள், ராணுவ இடம் கிடைத்ததும் அதிலிருந்து விலகிவிட வேண்டும். நான்காம் ஆண்டு மாணவருக்கு நடைமுறையில் இதன் பொருள், விரும்பும் ராணுவ மருத்துவமனையில் செய்யும் 45 நாள் சுழற்சி அந்தக் குழு கூடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அங்கே உங்களை நேரில் பார்த்த துறைத்தலைவரின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

படி 5: ஜி.எம்.ஓ. பணி வந்தால் கணக்கை மாற்றி எழுதுங்கள்

இன்டர்ன்ஷிப் முடிந்ததும் எல்லோருக்கும் உடனே ரெசிடென்சி கிடைப்பதில்லை. சிலர் பொது மருத்துவ அதிகாரியாக, அதாவது ஜி.எம்.ஓ.வாக, கப்பலிலோ கடற்படை வீரர் அணியிலோ விமானத் தளத்திலோ பணியாற்ற அனுப்பப்படுவார்கள். கடற்படையில் நீண்டகாலமாகவே இது அதிகம். விமானப் பிரிவு மருத்துவர், நீர்மூழ்கிப் பிரிவு மருத்துவர் பணிகளும் இந்த வகைதான்.

ஜி.எம்.ஓ. காலம் 'கழிக்கிறது' பத்தியில் வரும். முழு மருத்துவராகப் பணி செய்கிறீர்கள், கல்விக் கடன் நாளுக்கு நாள் குறைகிறது. ஆகவே 4 ஆண்டு எச்.பி.எஸ்.பி.காரர் 1 ஆண்டு இன்டர்ன்ஷிப், 4 ஆண்டு ஜி.எம்.ஓ. என்று 5 ஆண்டில் கடனை முடித்து, பிறகு வெளியே போய் தனக்குப் பிடித்த ரெசிடென்சியைப் பொது மருத்துவமனையில் தொடங்கலாம். தெரிந்தே இந்த வழியை எடுப்பவர்கள் உண்டு. குறுகிய வழி இதுதான். ஆனால் 30 வயதைத் தாண்டி மறுபடி ரெசிடென்ட் ஆவதற்கு மனம் வேண்டும்.

பாதியில் திரும்பினால் கணக்கு வேறு. மயக்கவியல் (இன்டர்ன்ஷிப் 1 + ரெசிடென்சி 3) எடுத்துக்கொள்வோம். இடைவெளி இல்லாமல் செய்தால்: பயிற்சி 4, கடன்கள் 4, 3, பெரியது 4, மொத்தம் 8. இடையில் 2 ஆண்டு ஜி.எம்.ஓ. செய்தால்: இன்டர்ன்ஷிப் 1, ஜி.எம்.ஓ. 2 (கல்விக் கடன் மிச்சம் 2), ரெசிடென்சி 3, அதன் பிறகு மிச்சக் கல்விக் கடன் 2-க்கும் பயிற்சிக் கடன் 3-க்கும் இடையே பெரியது 3. மொத்தம் 9. இரண்டு ஆண்டு கழித்தும் மொத்தத்தில் ஓராண்டு கூடுகிறது. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஜி.எம்.ஓ. காலத்தில் 2 ஆண்டு தீர்ந்தது உண்மைதான். அதில் ஓராண்டு, ரெசிடென்சி கொண்டுவந்த புதிய கடனால் பயனற்றுப் போய்விட்டது.

படி 6: ஃபெல்லோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய உட்பிரிவுப் பயிற்சி)

இங்கே விதி ஒரு முறை இறுகுகிறது. பயிற்சிக் கடன் கல்விக் கடனோடு சேர்ந்து ஓடலாம் என்று பார்த்தோம். ஆனால் ஒரு பயிற்சிக் கடன் இன்னொரு பயிற்சிக் கடனோடு சேர்ந்து ஓடாது. முதல் பயிற்சியின் கடன் தீராமல் இரண்டாவது பயிற்சிக்குப் போனால், இரண்டும் வரிசையில் நிற்கும்.

உதாரணம்: 4 ஆண்டு எச்.பி.எஸ்.பி., உள்மருத்துவம் முடித்து (பயிற்சிக் கடன் 2) 2 ஆண்டு பணியாற்றியவர். அவருடைய முதல் பயிற்சிக் கடன் தீர்ந்தது, கல்விக் கடனில் 2 மிச்சம். இப்போது 3 ஆண்டு இதயவியல் ஃபெல்லோஷிப்பை ராணுவச் சம்பளத்தில் செய்கிறார். அந்த 3 ஆண்டில் எதுவும் கழியாது. முடித்ததும் மிச்சம் 2, புதியது 3, பெரியது 3. பட்டம் பெற்ற நாளிலிருந்து மொத்தம் 3+2+3+3, அதாவது 11. இடையில் பணியாற்றாமல் ரெசிடென்சி முடிந்த கையோடு ஃபெல்லோஷிப்புக்குப் போகிறவர்கள், தங்கள் படைப்பிரிவின் மருத்துவப் பயிற்சி அலுவலகத்திடம் கடன் முடியும் நாளை எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். தொலைபேசியில் சொன்ன எண்ணுக்கு மதிப்பில்லை.

கணக்கு எங்கே கெடுகிறது

அரை ஆண்டு விதியை மறப்பது. மகப்பேறு விடுப்பு, நோய், பின்தங்கிய சுழற்சி ஏதாவது காரணமாக ரெசிடென்சி 2 மாதம் நீண்டால், 'பகுதிக்கும் அரை ஆண்டு' என்பதால் பயிற்சிக் கடன் அரை ஆண்டு ஏறும். குடும்ப மருத்துவருக்கு இது வலிக்காது, 4-க்குக் கீழே 2 இருந்தது 2.5 ஆகும், அவ்வளவுதான். அறுவை மருத்துவருக்கு 4 என்பது 4.5 ஆகி மொத்தத்தையே தூக்கிவிடும்.

சேரும்போது தரும் போனஸ். 20,000 டாலர் என்று விளம்பரம் செய்யப்படும் இந்தத் தொகை 4 ஆண்டு எச்.பி.எஸ்.பி.காரருக்குக் கிட்டத்தட்ட இனாம். 3 ஆண்டு ஸ்காலர்ஷிப் எடுப்பவர் அதை வாங்கினால் கடன் 4 ஆகலாம். ஒப்பந்தத்தில் போனஸுக்கான பத்தியைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகையை மாற்றித் தருவது. 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் சலுகையைக் குடும்பத்தாருக்கு மாற்ற, 6 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும், மேலும் 4 ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கும் மருத்துவப் பயிற்சிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கிளம்ப நாள் எண்ணிக்கொண்டிருப்பவரின் தேதியை ஒரே கையெழுத்தில் நகர்த்திவிடும். பணியில் தொடர்வதற்கான போனஸ்களும் அப்படித்தான். அவற்றின் கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்கும் என்று கேட்காமல் கையெழுத்து வேண்டாம்.

'பிடிக்கவில்லை என்றால் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்ற எண்ணம். நம் ஊர் மருத்துவக் கல்லூரி பாண்ட் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும். இங்கே பணமா, சேவையா என்று தீர்மானிப்பது அரசு, நீங்கள் அல்ல. படிப்பைப் பாதியில் விட்டாலோ தேர்வில் தோற்று வெளியேறினாலோ மருத்துவர் அல்லாத வேறு படைப்பணியில் அமர்த்த முடியும். யூ.எஸ்.யூ.வில் அந்தக் காலம் படித்த காலத்தைவிடக் கூடக் கூடாது, ஆனால் ஓராண்டுக்குக் குறையவும் கூடாது.

வாய்மொழி உறுதி. 'எலும்பு அறுவை சிகிச்சை நிச்சயம் கிடைக்கும்' என்று சொல்ல எந்த ஆள்சேர்ப்பு அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. ஒப்பந்தத்தில் துறை எழுதப்பட்டிருக்காது. துறை கிடைக்காவிட்டாலும் கடன் அப்படியே இருக்கும்.

கையெழுத்துக்கு முன்னும், கடைசி ஆண்டிலும்

ஒப்பந்தம், பணி ஆணைகள், ஒவ்வொரு பயிற்சியின் சம்மதக் கடிதம், பயிற்சி முடித்த சான்று ஆகியவற்றின் நகலை உங்களிடமே வையுங்கள். பணியாளர் பதிவேட்டில் தேதி தவறாக ஏறுவது நடக்கக்கூடியது. அதைத் திருத்த இந்தக் காகிதங்கள்தான் சான்று. விதிகள் காலப்போக்கில் மாறும், ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட நாளில் அமலில் இருந்த பாதுகாப்புத் துறை அறிவுறுத்தலின் நகலையும் (மருத்துவ அதிகாரிகளுக்கானது 6000.13 என்ற எண் கொண்டது) ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பதிவேட்டில் உள்ள தேதியை உங்கள் மூன்று பத்தித் தாளோடு ஒப்பிடுங்கள்.

கடன் தீர்ந்த நாளில் யாரும் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். விலக வேண்டுமென்றால் நீங்கள்தான் மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணி தொடரும், அடுத்த இடமாற்ற ஆணையும் வரும். சில இடமாற்றங்கள் தமக்கென ஓராண்டோ இரண்டோ கடன் கொண்டுவரும். கடன் முடிய ஓர் ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே மனுவுக்கான கால வரம்பைப் பணியாளர் பிரிவில் கேட்டு, இடமாற்றப் பட்டியல் தயாராவதற்கு முன் விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள். பயிற்சி ஆண்டு வழக்கமாக ஜூன் 30-இல் முடிவதால் பெரும்பாலோரின் கடனும் கோடையில்தான் தீரும். பொது மருத்துவமனைகளோடு வேலைப் பேச்சு, மாநில மருத்துவ உரிமம் இரண்டையும் அந்தத் தேதியை வைத்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

சீருடையைக் கழற்றிய பிறகும் ஒரு சின்ன வால் இருக்கலாம். மொத்த ராணுவக் கடமை பொதுவாக 8 ஆண்டு. முழுநேரப் பணியில் கழிக்காத மிச்சம், பயிற்சிக்கு வர வேண்டியிராத, சம்பளமும் இல்லாத ரிசர்வ் பட்டியலில் ஓடும். யூ.எஸ்.யூ. பட்டதாரிகளுக்கு இந்த ரிசர்வ் காலம் தனிக் கணக்கு, முழுநேரப் பணி நீள நீள அது குறையும். பட்டியலில் இருக்கும்வரை, தேவைப்பட்டால் திரும்ப அழைக்க அரசுக்கு உரிமை உண்டு. வீடு மாறினால் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். பட்டியலிலிருந்து பெயர் நீங்கும் நாளையும் அதே தாளில், கடைசி வரியில் எழுதி வையுங்கள்.